நாடியைத் தொட்டுப் பாருங்கள்: ஒரு மாரத்தான் ஓட்டக்காரனின் அனுபவம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. 24 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்கப் பார்க்கிறேன். வலது கை விரல்கள் லேஸின் நுனியைப் பிடிக்கின்றன, நழுவுகின்றன, திரும்பப் பிடிக்கின்றன, திரும்ப நழுவுகின்றன. வியர்வை வழுக்குகிறது என்றுதான் நினைத்தேன். துடைத்துக்கொள்ளத் துண்டு கேட்கலாம் என்று மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. துண்டு அவள் தோளில்தான் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது, எதற்கு என்றும் தெரிகிறது, பெயர் மட்டும் இல்லை. கடைசியில் வாயிலிருந்து வந்தது "சாவி". தப்பாகச் சொல்கிறேன் என்பது என் காதுக்கே கேட்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும் "சாவி".

"என்னங்க, என்னைப் பாருங்க. சிரிங்க. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க."

நீட்டினேன். வலது கை தானாகக் கீழே இறங்கியது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னாள்: 7.40. அப்புறம்தான் ஃபோனை எடுத்தாள்.

சரியாக 11 நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. விரல் பிடித்தது, பேச்சு வந்தது. "ஒண்ணுமில்ல, சர்க்கரை இறங்கியிருக்கும், குளிச்சிட்டுப் படுக்கிறேன்" என்றேன். அன்று அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது. "வந்தது போயிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்லங்க" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள்.

அவள் சொன்னது சரி. கொஞ்ச நேரமே இருந்து மறைந்துவிடும் இந்த மினி ஸ்ட்ரோக்குக்குப் பிறகு, பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். பெரியது வந்துவிட்டால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால்தான் அவள் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கை இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் அலுவலகத்தில் நடந்த ஒரு முதலுதவி வகுப்பில் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஓட்டத்தைப் பற்றி அத்தனை படித்த எனக்கு அது தெரியாது. ஓடுகிறவர்களைவிட, ஓடுகிறவர்களின் வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு நடப்பதை என்னால் சொல்லக்கூட முடியவில்லையே.

எனக்கு அப்போது 51 வயது. 35 வயதில் ஓட ஆரம்பித்து, அதற்குள் 19 முழு மாரத்தான் முடித்திருந்தேன். சிகரெட் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 44. அந்த 44-ஐப் பற்றி எனக்கு நிறையவே பெருமை இருந்தது. 70 தடவை துடிக்கும் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. 44 என்றால் 63,000 சொச்சம்தான். மீதியெல்லாம் மிச்சம் என்றே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நாடி குறைவது நல்லதுதான். வருடக்கணக்கில் ஓடும்போது இதயத்தின் அறைகள் விரிகின்றன, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் ரத்தம் கூடுகிறது, அதனால் மெதுவாகத் துடித்தாலே உடம்புக்குப் போதுமாகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1899-லேயே ஹென்ஷன் என்ற ஸ்வீடன் மருத்துவர், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்கள் இதயம் பெரிதாக இருப்பதைச் சொல்லிவிட்டார். நான் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. விரிவது ரத்தத்தைத் தள்ளும் கீழறைகள் மட்டும் இல்லை. சுவர் மெல்லியதான மேலறைகளும் விரிகின்றன. மணிக்கணக்கில், பல வருடம், திரும்பத் திரும்ப இழுபடும் அந்தச் சுவரில் சிலருக்கு மெல்லிய தழும்பு விழுகிறது. துடிப்பைத் தூண்டும் மின்சாரம் ஒழுங்காகப் போக வேண்டிய இடத்தில் சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்கிறது.

மருத்துவமனையில் முதல் நாள் எடுத்த எல்லாமே நன்றாகத்தான் வந்தது. மூளை ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. எம்.ஆர்.ஐ.யில் நிரந்தரப் பாதிப்பு இல்லை. கழுத்து ரத்தக் குழாய்கள் சுத்தம். ஈ.சி.ஜி. சீராக இருந்தது. இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவில் மட்டும் இடது மேலறை கொஞ்சம் பெரிது என்று எழுதியிருந்தார்கள். "நீங்க ஓடுறவர் இல்லையா சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார் பணியில் இருந்த இளம் மருத்துவர். 24 மணி நேரம் உடம்பில் கட்டிவைக்கும் ஹோல்ட்டர் கருவியிலும் எதுவும் பதிவாகவில்லை.

நல்ல வேளையாக, நரம்பியல் மருத்துவர் அத்தோடு விடவில்லை. அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. "நெஞ்சு படபடப்பு உண்டான்னு கேட்டா எல்லா ஓட்டக்காரரும் இல்லைன்னுதான் சொல்லுவாங்க. நான் வேற மாதிரி கேக்கிறேன் சார். ராத்திரி படுத்திருக்கும்போது நெஞ்சுக்குள்ள ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சிருக்கா?"

தெரிந்திருந்தது. ஒன்றரை வருடமாக.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், சில ராத்திரிகளில் நெஞ்சுக்குள் மீன் புரள்வதுபோல ஒரு அசைவு வரும். புரண்டு படுத்தால் அடங்கிவிடும், அல்லது நான் தூங்கிவிடுவேன். ஓடும்போது வராமல், படுத்திருக்கும்போதுதானே வருகிறது, இதயக் கோளாறு என்றால் ஓடும்போதல்லவா வர வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மருத்துவர் அதைக் கேட்டுத் தலையசைத்தார். நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு ஓய்விலும் தூக்கத்திலும் வருவதுதான் வழக்கமாம். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு நமக்கு அதிகம் வேலை செய்கிறது. இரவில் அதன் கை இன்னும் ஓங்குகிறது. நாடியை 44-க்குக் கொண்டுவந்ததில் அதற்கும் பங்கு உண்டு, மேலறைகள் தாளம் தப்புவதற்கு வழிவிடுவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இன்னும் இரண்டு அறிகுறிகளையும் அங்கே உட்கார்ந்துதான் கோத்துப் பார்த்தேன். சில நாள் ஈஸி ரன்னில், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், கைக்கடிகாரம் நாடி 198 என்று காட்டும். சென்சார் தப்பாகப் படிக்கிறது என்று விட்டுவிடுவேன். வேறு சில நாள், காரணமே இல்லாமல் கால் இரும்பாகக் கனக்கும். கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பயிற்சிக் குறிப்பேட்டில் "சோர்வு" என்று எழுதிவைத்திருக்கிறேன். பிறகு பின்னோக்கிப் புரட்டியபோது, அப்படி 14 நாட்கள் இருந்தன.

கடிகார விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் உதவும். மணிக்கட்டில் ஒளியால் நாடியைப் படிக்கும் கடிகாரங்கள் சில சமயம் நாடியை விட்டுவிட்டுக் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும் என்பது உண்மைதான். அப்படி ஆகும்போது எண் உங்கள் காலடி வேகத்திலேயே, 170 அல்லது 175 என்று, அசையாமல் நிற்கும். என்னுடையது அப்படி இல்லை. 131, 198, 156, 187 என்று தாறுமாறாகக் குதித்தது. 51 வயதுக்காரனுக்கு ஈஸி ரன்னில் 198 என்பதே நம்ப முடியாத எண். அப்போதே நின்று இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கடிகாரத்தைத் துடைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

மார்பில் ஒட்டும் ஒரு சிறிய பட்டையை 14 நாளைக்குக் கொடுத்தார்கள். குளிக்கலாம், தூங்கலாம், அது பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஒன்பதாம் நாள் இரவு 2.40-க்கு மாட்டியது. 3 மணி நேரம் 10 நிமிடம் நீடித்தது, நான் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேல் வெறுமனே நடுங்கும் நிலை. சாதாரண ஈ.சி.ஜி. பதிவு செய்வது 10 விநாடி. வந்து வந்து போகும் ஒரு கோளாறு அந்த 10 விநாடியில் இல்லையென்றால், தாள் சுத்தமாகத்தான் வரும். "ஈ.சி.ஜி. நார்மல்" என்று யாராவது சொன்னால், அந்த 10 விநாடி நார்மல் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதயத்தில் நடப்பதற்கும் நாக்கில் சொல் தொலைவதற்கும் என்ன சம்பந்தம்? இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பைபோல ஒரு மூலை இருக்கிறது. மேலறை ஒழுங்காகச் சுருங்காதபோது அங்கே ரத்தம் தேங்குகிறது. தேங்கும் ரத்தம் உறைகிறது. உறைந்ததில் ஒரு துளி பிய்ந்து கிளம்பினால் நேராக மூளைக்கு ஏறுகிற பாதை அது. என் விஷயத்தில், இடது மூளையில் பேச்சையும் வலது கையையும் ஆளும் பகுதிக்குப் போகும் குழாயில் ஒரு துளி 11 நிமிடம் நின்றுவிட்டுக் கரைந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

ஓட்டம்தான் இதைக் கொண்டுவந்ததா என்று அன்றே கேட்டேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, படிக்கச் சொன்னார். ஸ்வீடனில் வாசலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி ஒன்று நடக்கிறது. 1989 முதல் 1998 வரை அதை முடித்த 52,755 பேரைப் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்குத் தாளக் கோளாறு வரும் வாய்ப்பு, ஒரே முறை முடித்தவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம் என்றது. வேகமாக முடித்தவர்களுக்கும் அதிகம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அதே போட்டியை வைத்து 2019-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு, இந்த வீரர்களுக்குப் பக்கவாதம் பொதுமக்களைவிடக் குறைவாகவே வருகிறது என்றும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்த வீரர்களுக்குக்கூட, அது வந்த மற்றவர்களைவிடப் பக்கவாதம் குறைவு என்றும் காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்துவிட்டு ஷூவைத் தூக்கிப் பரணில் போடுவதும் தவறு, மற்றொன்றை மட்டும் படித்துவிட்டு நெஞ்சுக்குள் புரளும் மீனை அலட்சியம் செய்வதும் தவறு.

மூளையைப் பற்றியும் இதே கதைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டுப் படுக்க நினைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு மாரத்தானுக்குப் பிறகும் மூன்று நாலு நாள் எனக்குத் தலை மந்தமாக இருக்கும், தெரிந்தவர் பெயர்கூட நாக்கின் நுனியில் நின்றுவிடும். இதுவும் அதுதான் என்று எண்ணினேன். 2025-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் பத்து மாரத்தான் ஓட்டக்காரர்களின் மூளையைப் போட்டிக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். நரம்புகளுக்கு உறைபோல இருக்கும் கொழுப்புப் பொருளான மயலினின் அளவு, மூளையின் சில பகுதிகளில் ஓடி முடித்த ஓரிரு நாளில் குறைந்திருந்தது. இரண்டு வாரத்தில் ஓரளவு திரும்பி, இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. சிறிய ஆய்வுதான். 2009-ல் தெற்கு இத்தாலியின் பாரி நகரத்திலிருந்து நார்வேயின் வடகோடி வரை 64 நாளில் 4,487 கிலோமீட்டர் ஓடிய போட்டியில், ஓட்டக்காரர்களோடு ஒரு லாரியில் எம்.ஆர்.ஐ. இயந்திரமே கூடப் போனது. அவர்களுடைய மூளையின் சாம்பல் பகுதி சுமார் 6 சதவீதம் சுருங்கி, எட்டு மாதத்தில் மீண்டது.

இதைப் படித்ததிலிருந்து மாரத்தானுக்குப் பிறகான இரண்டு மாதத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். கால் வலி நாலு நாளில் போய்விடுகிறது என்பதற்காக அடுத்த மாதமே இன்னொன்றுக்குப் பதிவு செய்வது எனக்கு வழக்கமாக இருந்தது. ஒரு வருடத்தில் நாலு ஓடியிருக்கிறேன். இப்போது வருடத்துக்கு ஒன்று. ஓட்டம் மூளைக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011-ல் 120 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருடம் வேக நடை நடந்தவர்களுக்கு நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் வளர்ந்தது. வெறும் உடல் நீட்சிப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியது. வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம், அதுவும் நடை. மூளைக்காக ஓடுகிறேன் என்று சொல்கிறவர்கள் அந்த அளவைக் கவனிக்க வேண்டும். 42 கிலோமீட்டரை வேறு காரணங்களுக்காக ஓடுகிறோம். அந்தக் காரணங்கள் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை மூளையின் ஆரோக்கியத்தின் பேரில் எழுதக் கூடாது.

சிகிச்சைக்கு வருகிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை உடனே தொடங்கினார்கள். மினி ஸ்ட்ரோக் வந்துவிட்டதால் அதை நீண்ட காலம் எடுக்க வேண்டும். இந்த மாத்திரை எடுத்துக்கொண்டு ஓடும் எல்லோருக்கும் மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். இருட்டில், கல்லும் வேரும் உள்ள பாதையில் ஓடுவதை விட்டுவிடுங்கள். விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரையை இதோடு சேர்க்கக் கூடாது. ரத்தக் கசிவு ஆபத்து கூடும். போட்டிக்கு முன்னால் அதைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, உடம்பில் நீர் வற்றும்போது அது சிறுநீரகத்துக்கும் கெடுதல். மூன்றாவது, மாத்திரையின் பெயர் எழுதிய ஒரு பட்டையைக் கையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். என்னைப் போலப் பேச்சு போய்விட்டால், அது பேசும்.

மூன்று மாதம் ஓடக் கூடாது, நடக்கலாம் என்றார்கள். அந்த மூன்று மாதம் கஷ்டமாக இருந்தது. விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், ஷூ ஓரத்தில் இருக்கும், நான் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். 16 வருடமாகக் கூட ஓடும் தம்பி ஒருவன் தினமும் ஓடி முடித்துவிட்டு வந்து, "அண்ணா, நடக்கலாமா?" என்று கூப்பிட்டு என்னோடு ஒரு மணி நேரம் நடப்பான். அவன் அதற்காகத் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

பயிற்சியை நிறுத்தியதில் கோளாறு குறைந்தது, போகவில்லை. எட்டு மாதம் கழித்து அப்லேஷன் செய்துகொண்டேன். தொடை இடுக்கு ரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் வாய்களைச் சுற்றித் திசுவைச் சுட்டோ உறையவைத்தோ ஒரு வேலி போடுகிறார்கள். தாளத்தைக் கலைக்கும் தூண்டல் பெரும்பாலும் அந்த வாய்களிலிருந்துதான் கிளம்புகிறது என்பதை 1998-ல் பிரான்சின் போர்தோ நகரத்தில் ஹைசாகேர் குழுவினர் காட்டியதிலிருந்து வளர்ந்த முறை. எனக்கு உறையவைத்தார்கள். மறுநாள் வீடு. தொடை இடுக்கில் கன்றிப்போன ஒரு நீலத் தடம் இரண்டு வாரம் இருந்தது. முதல் சில வாரங்களில் மீன் இரண்டு தடவை புரண்டது. ஆறும்போது அப்படி ஆவது உண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

என் கதையைக் கேட்ட பிறகு எங்கள் குழுவில் பலர் தங்கள் கதையைச் சொன்னார்கள். குழுவிலேயே மூத்தவர், 58 வயது அண்ணன், தன் அப்பா 46 வயதில் மாரடைப்பில் போனதை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். "நான் ஓடுறேனே, எனக்கு எதுக்கு டெஸ்ட்னு இருந்துட்டேன்பா." அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984-ல் 52 வயதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் மாரடைப்பு, 43-ல் மரணம். பிரேதப் பரிசோதனையில் ஃபிக்ஸின் இதயக் குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தது தெரிந்தது. ஓட்டம் பரம்பரையைத் தள்ளிப்போடலாம், அழித்துவிடாது. அண்ணன் இதயக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார். நிறையவே இருந்தது. நெடுங்காலம் ஓடுகிறவர்களிடம் இந்தப் படிவு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதை 2017-லிருந்து பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர் இப்போது கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறார், டிரெட்மில் பரிசோதனை முடித்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன நாடிக்குள் ஓடுகிறார்.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில், போட்டியின்போது இதயம் நின்றவர்கள் 59 பேர். அதில் 42 பேர் இறந்தார்கள். 2010 முதல் 2023 வரை பார்த்தபோது இதயம் நிற்கும் விகிதம் ஏறக்குறைய அதேதான், ஆனால் இறப்பு விகிதம் பாதியாகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் உடனே மார்பை அழுத்தத் தொடங்குவதும், அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி சீக்கிரம் வந்து சேர்வதும் அதில் பெரிய பங்கு வகிக்கின்றன. இதைப் படித்த மாதமே எங்கள் குழுவில் 22 பேர் சி.பி.ஆர். கற்றுக்கொண்டோம். மார்பின் நடுவில், 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் அது எவ்வளவு கடினமான வேலை என்று புரியும். மாரத்தான் ஓடும் எங்களுக்கே கை நடுங்கியது. ஆள் மாற்றி ஆள் அழுத்த வேண்டும். ஓட்டத்தை முடித்த பிறகு தலை சுற்றி விழுகிறவர்களில் பெரும்பாலோருக்கு, கால்களில் தேங்கிய ரத்தம்தான் காரணம். படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைத்தால் தெளிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சட்டென்று விழுந்தால் அது வேறு. கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் யோசிக்காமல் அழுத்த ஆரம்பியுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று. சில வருடம் முன்பு ஒரு போட்டியில் என்னோடு ஓடிய நண்பர், எல்லா மேஜையிலும் நின்று இரண்டு இரண்டு குவளை குடித்தார். 35-ஆம் கிலோமீட்டரில் வாந்தி, பேச்சில் குழப்பம், மோதிரம் விரலில் புதைந்துபோகும் அளவுக்கு வீக்கம். நீர் வற்றிவிட்டது என்று நினைத்து நான் இன்னும் தண்ணீர் கொடுக்கப் போனேன். மருத்துவ முகாமில் இருந்த செவிலியர் கையைத் தட்டிவிட்டார். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேஜையைத் தாண்டிப் போங்கள்.

காய்ச்சலோடு ஓடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருந்தால், ஓட்டம் அதை ஆபத்தாக்கிவிடும். காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள்.

இப்போது எனக்கு 54. வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன், அதில் மூன்று நாள் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில். காலையில் எழுந்ததும், காலைத் தரையில் வைப்பதற்கு முன், கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து 30 விநாடி எண்ணுகிறேன். எண் எவ்வளவு என்பதைவிட இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கிறேன். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு. தாளமே பிடிபடாமல், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் வந்தால் அன்று ஓட்டம் இல்லை, மருத்துவர்தான். சந்தேகம் வரும் நேரத்தில் உடனே பதிவு செய்ய, விரல் வைத்தால் ஈ.சி.ஜி. எடுக்கும் சின்னக் கருவி ஒன்றும் மேஜையில் இருக்கிறது.

போன மாதம் ஓர் அரை மாரத்தான் ஓடினேன். 14-ஆம் கிலோமீட்டரில் கடிகாரம் 172 காட்டியது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்த தம்பியும் நின்றான். "என்ன அண்ணா?" என்றான். கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு விரலை வைத்தேன். 15 விநாடியில் 33 துடிப்பு, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். கடிகாரம் என் காலடியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னொரு 15 விநாடி எண்ணினேன். எங்களைத் தாண்டி நாற்பது ஐம்பது பேர் போயிருப்பார்கள். பட்டையை இரண்டு துளை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். "சரி, போகலாம்டா" என்றேன்.